மாதிரிப் புகையிரதமும் மெய்யளவும்

1938-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விளையாட்டுப்பொருட் கடைகளுக்கு ஒரு புதிய புகையிரதம் வந்து சேர்ந்தது. உணவு மேசையின் மீதே தண்டவாளம் அமைத்து ஓட்டக்கூடிய அளவினதாகிய அவ்வண்டியை லிவர்பூல் நகரத்து மெக்கானோ நிறுவனம் செய்திருந்தது. 'ஹோண்பி டப்ளோ' என்பது அதன் பெயர். அதன் எஞ்சின்களுள் ஒன்று, காற்றின் தடை குறையுமாறு முகப்பு வளைத்துக் கட்டப்பட்ட 'சேர் நைஜல் கிறெஸ்லி' என்னும் புகழ்பெற்ற எஞ்சினின் சாயலிற் செய்யப்பட்டது. சிறுவர்கள் அதனைக் கண்டு களித்தனர். ஆனால், கையில் அளவுகோலை எடுத்து நோக்கிய பெரியவர்கள் சிலர் முகஞ்சுளித்தனர்.

அவர்கள் கண்ட குறை இது: அந்த எஞ்சின், மெய்யான எஞ்சினின் ஓர் அடியை 4 மில்லிமீற்றராகச் சுருக்கிச் செய்யப்பட்டது. பிரித்தானியப் புகையிரதப் பாதையின் அகலம் 4 அடி எட்டரை அங்குலம். அதனை அதே கணக்கிற் சுருக்கினால் 18.83 மில்லிமீற்றர் வரவேண்டும். ஆனால், கடையில் விற்கப்பட்ட தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீற்றர் மட்டுமே. குறைந்தது 2.33 மில்லிமீற்றர். பார்வைக்கு அற்பமான இவ்வளவினை மெய்யளவிற் கூறுவதாயின், பாதை ஏழு அங்குலம் ஒடுங்கிவிட்டது என்பதே பொருளாகும். பருத்த உடலையுடைய எஞ்சின், தனக்குப் பொருந்தாத குறுகிய பாதையிற் கால்களை ஒடுக்கிக்கொண்டு நின்றது.

இக்குறை கவனயீனத்தால் நேர்ந்ததன்று, தெரிந்தே ஏற்றுக்கொள்ளப்பட்டது. வியப்பு யாதெனில், எத்தனையோ ஆண்டுகள் கடந்தபின்னும் அது திருத்தப்படவில்லை. அது எவ்வாறு நேர்ந்தது, ஏன் நிலைத்தது, அதனை எதிர்த்து வாதாடியவர்கள் தம் பிடிவாதத்தால் எதனைக் காத்தனர் என்பதை அறிய அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

மாதிரிப் புகையிரதத்தின் தொட்டில் ஜேர்மனி நாடாகும். கோப்பிங்கன் என்னும் ஊரில் 1859-இல் நிறுவப்பட்ட மார்க்ளின் நிறுவனம் முதலிற் பொம்மை வீட்டுக்கான தகரச் சாமான்களையே செய்து விற்றது. 1891-இல் லைப்சிக் நகரச் சந்தையில் அந்நிறுவனம் சாவி கொடுத்து ஓடும் புகையிரதங்களைத் தண்டவாளத்தோடு காட்சிக்கு வைத்தது. அன்று அது செய்த அரிய காரியம் எஞ்சினைச் சார்ந்ததன்று, பாதையைச் சார்ந்தது. பாதையின் அகலங்களை இவை இவையென வரையறுத்து அவற்றிற்கு எண்களைச் சூட்டியது. ஒன்றாம் எண்ணின் அகலம் 45 மில்லிமீற்றர். பின்னர் வந்த அதனினுஞ் சிறிய பாதைக்குச் சுழியம் என்று பெயரிட்டனர். அதன் அகலம் 32 மில்லிமீற்றர். இவ்வாறு எண் வகுக்கப்பட்டமையால், இன்று வாங்கிய வண்டிக்கு நாளை மேலும் பாதை வாங்கிச் சேர்க்கலாம் என்ற நிலை பிறந்தது. ஒருமுறை விற்றுத் தீரும் பொம்மை, ஆண்டுதோறும் வளரும் உடைமையாயிற்று. வாங்கியவன் வீட்டிலே பாதை வளர வளர, அப்பாதையை விட்டு நீங்குவதும் அவனுக்கு அரிதாயிற்று.

அக்காலத்து வண்டிகள் எந்த எஞ்சினையும் உள்ளபடி காட்டவில்லை. தகரத்தில் அச்சிட்ட வண்ணமும், ஒரு புகைபோக்கியும், நாலு சில்லும் இருந்தாற் போதும், சிறுவன் மனம் மற்றவற்றை நிரப்பிக்கொள்ளும் என்பது செய்தவர்களின் எண்ணம். இந்த எண்ணத்தோடு பிணங்கியவர் நோர்தாம்ப்ரன் நகரைச் சேர்ந்த பசெற்-லோக் என்பவர். எஞ்சின் உதிரிகளை அஞ்சல்மூலம் விற்றுவந்த அவர், 1900-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்துப் பெருங் கண்காட்சிக்குச் சென்றார். அங்கே ஜேர்மானியரின் கைத்திறனைக் கண்டு வியந்தார். 'இத்துணைத் திறமையும் பிரித்தானிய எஞ்சின்களை உள்ளது உள்ளவாறு செய்வதற்குப் பயன்பட்டால் எப்படியிருக்கும்!' என்ற எண்ணம் அவருள்ளத்தில் எழுந்தது. நியூரன்பேர்க் நகரத்துப் பிங் நிறுவனம் அவர் விரும்பியவாறு எஞ்சின்களைச் செய்து கொடுத்தது. அளவெடுத்து வரைபடம் தந்தவர் ஹென்றி கிறீன்லி என்னும் பொறியியலறிஞர்.

பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு இவர்கள் இருவராலும் பொதுமக்களுக்குப் புலனாயிற்று. பொம்மை என்பது புகையிரதம் என்ற பொதுக் கருத்தைக் காட்டுவது. மாதிரி என்பது இன்ன கம்பனியில், இன்ன ஆண்டில், இன்ன எண்ணோடு ஓடிய ஓர் எஞ்சினைச் சுட்டிக்காட்டுவது. சுட்டிக்காட்டும்போது அதனைச் சரியாகக் காட்டவேண்டிய பொறுப்பும் உடன்வருகிறது. 1909-இல் கிறீன்லி இத்துறைக்கென ஒரு சஞ்சிகையைத் தொடங்கினார். 1910-இல் இலண்டன் மாநகரில் மாதிரிப் புகையிரதக் கழகம் ஒன்று தோன்றியது. வங்கி எழுதுவினைஞரும், ஆசிரியரும், தொழிற்சாலை வினைஞரும் மாலை நேரங்களில் ஒன்றுகூடி, ஒரு புகைபோக்கியின் விளிம்பு எத்தனை அங்குலம் என்று வாதிடும் வழக்கம் அந்நாளிலேயே வேரூன்றிவிட்டது.

ஆனால் பசெற்-லோக்கின் எஞ்சின்கள் செல்வர் வீட்டுக்குரியவை. தொழிலாளர் வீட்டுச் சிறுவனுக்கும் எட்டுமாறு புகையிரதத்தைக் கொண்டுவந்தவர் பிராங்க் ஹோண்பி. துளையிட்ட தகட்டுத் துண்டுகளை முடுக்காணியாற் பூட்டி விளையாடும் மெக்கானோவுக்கு 1901-இல் உரிமைப்பத்திரம் பெற்ற அவர், 1920-இற் சாவி கொடுத்து ஓடும் புகையிரதங்களையும் விற்கத் தொடங்கினார். 1923-இல் பிரித்தானியாவின் பற்பல புகையிரதக் கம்பனிகளும் நான்கு பெருங் கம்பனிகளாக இணைக்கப்பட்டன. ஹோண்பியின் தொழிற்சாலை ஒரே எஞ்சின் உடலைச் செய்து, நான்கு கம்பனிகளின் வண்ணங்களையும் அதன்மேற் பூசி விற்றது. மெய்யளவு வேண்டுவோர் இதனை எள்ளி நகையாடினர். எனினும், தம் ஊர்வழியே செல்லும் வண்டியின் நிறமே தம் கைவண்டியிலும் இருத்தல் கண்டு மகிழ்ந்த சிறுவர்கள் பலர். பின்னாளில் அளவுகோலோடு வாதாட வந்தவர்களிற் பெரும்பாலோர் அச்சிறுவர்களின் கூட்டத்திலிருந்தே வந்தனர் என்பதும் மறுக்கவொண்ணாதது.

இனி அந்த 2.33 மில்லிமீற்றரின் கதை. முதலாம் உலகப் போருக்குப்பின் வீடுகள் சிறுத்தன. 32 மில்லிமீற்றர்ப் பாதைக்குக்கூட அறையில் இடம் போதவில்லை. 1922-இல் பிங் நிறுவனம் ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் அகலமுள்ள மேசைப் புகையிரதத்தை வெளியிட்டது. சுழியத்திற் பாதியளவு என்பதால் அதனை இரட்டைச் சுழியம் என்று வழங்கலாயினர். ஐரோப்பியக் கண்டத்திலே ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீற்றர் என்ற கணக்கு வழக்கில் வந்தது. 16.5 மில்லிமீற்றர்ப் பாதைக்கு அது மிகப் பொருத்தமான கணக்கு. எஞ்சினும் பாதையும் ஒரே அளவிற் சுருங்கின. பிரித்தானியாவில் மட்டும் அக்கணக்கு இடறியது. காரணம் நூறாண்டுக்கு முந்தியது. உலகில் முதன்முதற் புகையிரதப் பாதை வகுத்த நாடாதலின், அங்கே பாலங்களும் சுரங்கவழிகளும் தாழ்வாகவும் ஒடுக்கமாகவும் கட்டப்பட்டுவிட்டன. அவற்றினூடே செல்லவேண்டிய பிரித்தானிய எஞ்சின்கள், அதே அகலப் பாதையில் ஓடும் ஜேர்மானிய எஞ்சின்களைவிட உருவிற் சிறியவை. மூன்றரை மில்லிமீற்றர்க் கணக்கிற் செய்த பிரித்தானிய எஞ்சினின் கொதிகலனுக்குள் அந்நாளைய மின்மோட்டார் அடங்கவில்லை.

எனவே ஓர் உபாயம் செய்தனர். எஞ்சினின் உடலை மட்டும் அடிக்கு 4 மில்லிமீற்றராகப் பெருப்பித்து, பாதையை 16.5 மில்லிமீற்றராகவே விட்டுவிட்டனர். மெய்யளவுக்காக வாதிட்ட கிறீன்லியே இந்த உபாயத்தை ஆதரித்தவர்களுள் ஒருவர் என்பது நோக்கற்பாலது. மோட்டார் அடங்கியது, தடித்த சில்லுகளுக்கும் இடம் கிடைத்தது, வண்டி ஓடிற்று. 1938-இல் ஹோண்பி டப்ளோவும் இதே வழியைப் பின்பற்றவே, இந்த ஒட்டுப்போட்ட அளவு பிரித்தானிய வீடுகளெங்கும் பரவியது.

இதனை எதிர்த்தவர்களின் வாதம் எளிதானது: மோட்டார் பெரிதாயிருந்த காலத்துக்குப் பொருந்திய உபாயம், மோட்டார் சிறுத்தபின்னும் நீடிப்பதற்கு நியாயம் என்ன? முதலில் ஒரு சாரார் பாதையை 18 மில்லிமீற்றராக அகட்டினர். அவர்களுடைய சங்கம் 1955-இல் அமைந்தது. அதுவும் போதாதென்ற மற்றொரு சாரார், 1966-இல் 18.83 என்ற முழு அளவையே விதியாக வெளியிட்டனர். பாதையின் அகலத்தோடு அவர்கள் நிற்கவில்லை. சில்லின் விளிம்பு எத்துணை மெலியதாயிருத்தல் வேண்டும், பாதை பிரியுமிடத்தில் தண்டவாளங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பவற்றையெல்லாம் மயிரிழை பிசகாது வரையறுத்தனர்.

ஆனால் மெய்யளவு கேட்கும் விலை பெரிது. டப்ளோத் தண்டவாளத்தின் வளைவு 15 அங்குல ஆரையுடையது. அதனை மெய்யளவிற் பெருப்பித்தால் 95 அடிதான் வரும். விரைவண்டி செல்லும் எந்தப் பெரும்பாதையும் அப்படி வளைவதில்லை. அரை மைல் ஆரையுள்ள ஒரு வளைவை 4 மில்லிமீற்றர்க் கணக்கிற் செய்யப்புகுந்தால், அந்த ஆரை மட்டும் பத்தரை மீற்றருக்கு மேலாகும். உணவு மேசையில் அது எங்ஙனம் அடங்கும்? மெல்லிய விளிம்புள்ள சில்லோ, பாதையிற் சிறு மேடுபள்ளம் இருப்பினும் தடம்புரளும். ஆகவே மெய்யளவை வேண்டியவர்கள் தண்டவாளத்தையும் சில்லையும் தம் கையாலேயே செய்யவேண்டியவராயினர். அவர்கள் தொகை என்றும் சிறிதாகவே இருந்தது. தறையாணியை எண்ணுகிறவர்கள் என்று மற்றவர்கள் அவர்களைக் கேலி செய்தனர். எஞ்சினின் தகடுகளைப் பொருத்தும் அந்தத் தறையாணிகள் எத்தனை, எவ்வரிசையில் உள்ளன என்று எண்ணிப்பார்த்து, மாதிரியிற் பிழை கூறுவார்கள் என்பதே அக்கேலியின் பொருள்.

இவ்வளவு நுட்பம் எதற்கென்ற வினா இயல்பாகவே எழும். அதற்கு விடை பழைய எஞ்சின்களுக்கு நேர்ந்த கதியில் இருக்கிறது. பெருமேற்குப் புகையிரதக் கம்பனியின் முதலாவது வண்டியை 1838-இல் இழுத்துச் சென்ற எஞ்சின் 'வடமீன்' எனப் பொருள்படும் 'நோர்த் ஸ்ரார்' ஆகும். அது நெடுங்காலம் சுவிண்டன் தொழிற்சாலையிற் பேணி வைக்கப்பட்டிருந்தது. 1906-இல் இடம் போதவில்லை என்று அதனை உடைத்துவிட்டனர். இருபதாண்டு நிறைவதற்குள் புகையிரதத்தின் நூற்றாண்டு விழா வந்தது. அப்போதுதான் தாம் இழந்தது இன்னதென்று உணர்ந்தனர். எஞ்சியிருந்த சில உறுப்புக்களைத் தேடியெடுத்து, மற்றவற்றைப் புதிதாய்ச் செய்து, 1925-இல் அவ்வெஞ்சினின் போலுருவம் ஒன்றைக் கட்டினர். தம் கையாலேயே அழித்ததன் உருவைத் தாமே தேடித் திரியும் நிலை ஒரு பெருங் கம்பனிக்கு ஏற்பட்டது.

நிறத்தின் கதை இன்னும் சிக்கலானது. பழைய ஒளிப்படங்களில் வண்ணம் இல்லை. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் சிவப்பை உணராமையால், சிவந்த எஞ்சின் கறுத்துத் தோன்றும். படம் எடுப்பதற்கென்றே புதிய எஞ்சினுக்குச் சாம்பல் நிறம் பூசி நிறுத்துவதும் வழக்கமாயிருந்தது; அந்த நிறத்தோடு அது ஒருநாளும் பாதையில் ஓடியதன்று. எழுத்துச் சான்றும் ஏமாற்றக்கூடும். இலண்டன்-பிறைற்றன் கம்பனியின் எஞ்சின் அதிபராயிருந்த வில்லியம் ஸ்ரௌட்லி தம் எஞ்சின்களுக்குப் பூசிய நிறத்தின் பெயர் 'திருந்திய எஞ்சின் பச்சை' என்பது. உண்மையில் அது பச்சையன்று. பொன் கலந்த மஞ்சள். பெயரை மட்டும் நம்பி வண்ணம் பூசுபவன் பிழைபடுவான். 1882-இற் கட்டப்பட்ட ஸ்ரௌட்லியின் 'கிளாட்ஸ்ரன்' எஞ்சினை 1927-இல் ஆர்வலர் சங்கமொன்று விலைகொடுத்து வாங்கிக் காத்தது. இன்று அது யோர்க் நகரத்துத் தேசியப் புகையிரத அருங்காட்சியகத்தில் அதே பொன்மஞ்சளோடு நிற்கிறது. அரசாங்கம் செய்யாததை ஆர்வலர்கள் செய்தனர்.

1948-இற் பிரித்தானியப் புகையிரதங்கள் அரசுடைமையானபோது நீராவி எஞ்சின்களின் தொகை ஏறத்தாழ 20,000 ஆகும். 1955-இல் அவற்றை அகற்றும் திட்டம் வகுக்கப்பட்டது. 1968 ஆகஸ்ட் 11-ஆம் நாள், பிரித்தானிய அரசுப் புகையிரதத்தின் பொதுப் பாதைகளில் நீராவி வண்டிச் சேவை பிரியாவிடை பெற்றது. இருபதே ஆண்டுகளில் ஒரு பேரினம் அழிந்தாற்போல் எஞ்சின்கள் மறைந்தன. சில வகைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தகைய எஞ்சினின் உருவை அறிய விரும்புவோர்க்கு எஞ்சியவை வரைபடங்களும், ஒளிப்படங்களும், தறையாணியை எண்ணியவர்களின் குறிப்பேடுகளுமே. மாதிரி செய்பவன் ஓர் எஞ்சினின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் அறியாமல் வேலையை முடிக்க இயலாது. ஆதலால் வேறெவரும் கேளாத வினாக்களை அவன் கேட்டான். வேறெவரும் குறித்துவையாத விடைகளைக் குறித்துவைத்தான்.

இத்தகைய உள்ளத்தின் உயர்ந்த வடிவத்தை ஒக்ஸ்போட் மாகாணத்து லோங் விற்றனம் என்னும் சிற்றூரிற் காணலாம். அவுஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்துக்கு வந்த ரோய் இங்கிலண்ட் என்பவர், வெண்குதிரைப் பள்ளத்தாக்கின் பழங் கிராமங்கள் தம் கண்முன்னே மாறிவருவதைக் கண்டார். வைக்கோல் வேய்ந்த கூரைகள் அகன்றன. பழஞ் சுவர்கள் இடிந்தன. அவர் குடிசை குடிசையாகச் சென்று அளந்து, செங்கல்லின் நிறம்வரை குறித்து, 4 மில்லிமீற்றர்க் கணக்கில் அவற்றை ஆக்கத் தொடங்கினார். 1954-இல் அங்கே அவர் நிறுவிய பென்டன் அருங்காட்சியகத்தில், 1930-களின் அந்த நாட்டுப்புறமும் அதனூடே செல்லும் வண்டிகளும் அகட்டிய 18 மில்லிமீற்றர்ப் பாதையோடு உருவாயின. அதே கூரையின்கீழ் ஜோன் ஏர்ன் என்பவர் ஆக்கிய 'மடர் பள்ளத்தாக்கு' என்னும் மாதிரியும் காக்கப்படுகிறது. அது எந்த ஊரையும் சுட்டுவதன்று, முற்றிலும் கற்பனை. மெய்யளவின் கோயிலிலே கற்பனைக்கும் ஒரு சந்நிதி இருப்பது, இவ்வழக்கின் இரு கட்சியாரும் ஒருவரையொருவர் முற்றாக வெறுக்கவில்லை என்பதற்குச் சான்று.

1990-களிலிருந்து பிரித்தானிய மாதிரி எஞ்சின்களைச் செய்யும் வேலை பெரிதும் சீனத் தொழிற்சாலைகளுக்குச் சென்றது. எஞ்சியுள்ள பழைய எஞ்சின்களை லேசர் ஒளியால் அளந்து அச்சுச் செய்யும் முறையும் வந்தது. முன்னாளில் ஆர்வலன் ஓராண்டு உழைத்துச் செய்த நுட்பங்கள் இன்று பெட்டியைத் திறந்தவுடன் கிடைக்கின்றன. விளக்கு மாட்டும் கொக்கி, ஓட்டுநர் அறையின் அளவுமானி, தறையாணியின் வரிசை யாவும் செம்மையாக உள்ளன. ஒரு புதிய எஞ்சின் வெளிவந்தவுடன், அதன் கொதிகலன் அரை மில்லிமீற்றர் பருத்துவிட்டது என்று முறையிடுவோரும் உளர். ஆயினும் அந்த எஞ்சின் நிற்பது 16.5 மில்லிமீற்றர்ப் பாதையின்மீதே. மிக நுட்பமாகச் செய்யப்பட்ட உடலை, 1920-களின் மோட்டாருக்காக ஒடுக்கப்பட்ட கால்கள் தாங்கி நிற்கின்றன.

அதனை மாற்றினால் என்ன? மாற்றலாம், ஆனால் இலட்சக்கணக்கான வீடுகளில் இதுவரை வாங்கிச் சேர்த்த பாதையும் வண்டியும் பயனற்றுப் போகும். எண்ணிட்ட பாதை வளர வளர அதனை விட்டு நீங்குதல் அரிதாகும் என்ற நிலை 1891-இல் விதைக்கப்பட்டது. அதன் விளைவே இது.

இது மாதிரியின் குறை மட்டுமன்று. மெய்யான புகையிரதத்தின் வரலாறும் இதுவே. 4 அடி எட்டரை அங்குலம் என்ற அகலம் ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட்டதன்று. வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் குதிரை இழுத்த வண்டிப்பாதையின் அகலத்தை ஜோர்ஜ் ஸ்ரீவன்சன் அவ்வாறே எடுத்தாண்டார். பின்னர் அரை அங்குலம் சேர்க்கப்பட்டது. புறூனல் என்னும் பொறியியலறிஞர் 7 அடிப் பாதையே வேகத்துக்கும் உறுதிக்கும் சிறந்ததென வாதிட்டுப் பெருமேற்குக் கம்பனிக்கு அதனை அமைத்தார். 'நோர்த் ஸ்ரார்' ஓடியதும் அப்பாதையிலேதான். 1845-இல் அரசாங்கம் விசாரணைக் குழுவை நியமித்துச் சோதித்தபோது, அகன்ற பாதையின் எஞ்சின்களே விரைவிற் சிறந்து விளங்கின. எனினும் அப்போது குறுகிய பாதை ஏறத்தாழ 1,900 மைலும், அகன்ற பாதை ஏறத்தாழ 270 மைலுமே இடப்பட்டிருந்தன. 1846-ஆம் ஆண்டுச் சட்டம் குறுகிய பாதையின் பக்கமே சாய்ந்தது. 1892-இல் அகன்ற பாதை முற்றாக மறைந்தது. இலங்கையின் ஐந்தரை அடிப் பாதையைப்போல் வேறு அகலங்களும் உலகில் நிலைத்தனவாயினும், பல நாடுகள் மேற்கொண்டது சுரங்கக் குதிரையின் பாதையையே.

சிறந்தது எது என்பதை அறிவு தீர்ப்பிடும். நிலைப்பது எது என்பதைப் பெரும்பாலும் முன்னரே இட்ட தண்டவாளம் தீர்ப்பிடுகிறது. ஆகவே, அளவிற் பிழைத்த அந்த 16.5 மில்லிமீற்றர்ப் பாதை, மெய்யான பாதையின் அகலத்தைக் காட்டத் தவறினாலும், அது நிலைபெற்ற வரலாற்றைக் காட்டத் தவறவில்லை. அப்பிழையோடு இணங்கி வாழ்ந்தவர்கள் எண்ணற்ற சிறுவர்க்குப் புகையிரதத்தின்மேற் காதலை ஊட்டினர். இணங்க மறுத்த சிலர், ஆணி ஆணியாக எண்ணி, மறைந்துபோன எஞ்சின்களின் மெய்யுருவை அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைத்தனர். 'நோர்த் ஸ்ரார்' உடைபட்ட 1906-இல் அத்தகையோர் சிலர் அதனருகே அளவுகோலோடு நின்றிருப்பின், 1925-இற் கட்டியவர்களுக்குத் தேட்டம் குறைந்திருக்கும்.